நீராடியோரும் நெருப்பிட்டோரும்

"கி.பி. 216ஆம் ஆண்டில் கரகல்லா என்னும் உரோமப் பேரரசன் மக்கள் நீராடுவதற்கென மாபெரும் மண்டபங்களைக் கட்டினான்." இத்தகைய வாக்கியங்களை மாணவராயிருந்த காலத்தில் நாம் மனனஞ் செய்தோம், ஆசிரியரான பின்னர் அவற்றையே கரும்பலகையிலும் எழுதினோம். மேற்படி வாக்கியத்தில் ஆண்டு சரி. ஆளின் பெயரும் சரி. வினைச்சொல் ஒன்றே பொய். 'கட்டினான்' என்ற அந்த ஒரு சொல்லின் அடியில் எத்தனை ஆயிரம் பேர் புதையுண்டு கிடக்கின்றனர் என்பதை, சென்ற விடுமுறையில் அம்மண்டபங்களின் இடிபாடுகளுக்கிடையே நின்றபோதுதான் நாம் உள்ளபடி உணர்ந்தோம். பயணக் கட்டுரை எழுதுவது எமது நோக்கமன்று. அந்த வினைச்சொல்லோடு எமக்குள்ள வழக்கையே இங்கு எடுத்துரைக்க முனைகின்றோம்.

ஆசிரியரின் சம்பளத்தில் உரோமாபுரியைக் காண்பது இயலாத காரியம். இத்தாலியிற் பல ஆண்டுகளாகத் தொழில்புரியும் எமது சின்னம்மாவின் மகன் பயணச் செலவை ஏற்றுக்கொண்டமையாலேயே அது கைகூடிற்று. அவரது தொழில், நடமாட இயலாத முதியவர் ஒருவரைப் பராமரிப்பது. காலைதோறும் அம்முதியவரைக் குளிப்பாட்டி, முதுகு துடைத்து, உடைமாற்றி, உணவூட்ட வேண்டும். அந்நகரிலே பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தும், பேருந்திலிருந்து நாள்தோறும் பார்க்கும் அவ்விடிபாடுகளுக்குள் அவர் ஒருமுறையேனும் நுழைந்ததில்லை. வாடகைக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் இடையே பழங்கற்களைப் பார்க்க நேரமேது என்பது அவர் கேள்வி. வாரத்தில் தமக்குக் கிடைக்கும் ஒரேயொரு ஓய்வுநாளை எமக்காகச் செலவிட்டு, எம்மோடு அவரும் அன்றுதான் முதன்முதலாக உள்ளே வந்தார்.

ஏறக்குறைய 11 ஹெக்டேயர் நிலப்பரப்பிலே பரந்து கிடக்கின்றன அவ்விடிபாடுகள். கூரைகள் வீழ்ந்துவிட்டன, ஆயினும் பல மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் செங்கற் சுவர்கள் இன்றும் மனிதனை அண்ணாந்து பார்க்கச் செய்கின்றன. நீராட வந்தோர் முதலில் உடற்பயிற்சி முற்றங்களில் உடலை வருத்தி வியர்ப்பர்; பின்னர் வெந்நீர் மண்டபம், இளஞ்சூட்டு மண்டபம், தண்ணீர் மண்டபம் எனச் சென்று, இறுதியில் வானந் திறந்த நீச்சற்குளத்தை அடைவர். வெந்நீர் மண்டபம் வட்ட வடிவினது; அதன்மேற் கவிந்திருந்த குவிமாடத்தின் விட்டம் ஏறக்குறைய 35 மீற்றர். பிற்பகல் வெயிலைப் பெறுவதற்கென அதன் பெருஞ் சாளரங்கள் தென்மேற்கு நோக்கி அமைக்கப்பட்டன. ஒரே வேளையில் 1,600 பேர் நீராடலாம் என்பது பழைய கணக்கு. நூல்நிலையங்களும் தோட்டங்களும் சிலைகளும் இவற்றைச் சூழ்ந்திருந்தன. இவையனைத்தையும் கண்டு வியவாதவன் கல்நெஞ்சன். நாமும் வியந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எமக்கு முன்னே ஒரு கூட்டத்தினருக்கு வழிகாட்டியொருவர் பேரரசனின் தாராள சிந்தையைப் பற்றி உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தார். ஏழை பணக்காரன் என்ற பேதமின்றி எல்லோரும் ஒரே நீரில் இறங்கினர் என்றும், இதுவே உரோமரின் சமத்துவம் என்றும் அவர் கூறினார். தம்பி சிறிது நேரம் கேட்டு நின்றார். பின்னர் எம் பக்கம் திரும்பி, "எல்லாம் சரி அண்ணை, தண்ணியைச் சூடாக்கினவன் எங்கை குளிச்சவன்?" என்றார்.

வரலாற்றைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எமக்கு அவ்வினா ஒருபோதும் எழுந்ததில்லை. நாள்தோறும் ஒருவரைக் குளிப்பாட்டும் கைகளுக்கு உரியவருக்கு அது பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டது. இவ்வுண்மையை ஒப்புக்கொள்வதில் எமக்கு வெட்கம் உண்டு.

வினாவுக்கான விடை மண்டபங்களில் இல்லை. அவற்றின் கீழே இருக்கின்றது. வண்டிகள் செல்லத்தக்க அகலமுள்ள சுரங்கப் பாதைகள் அந்நிலத்தின் அடியில் ஓடுகின்றன. மேலே நீராடியவர் காணாதவாறு விறகும் எண்ணெயும் துணிகளும் அவ்வழியே கொண்டு செல்லப்பட்டன. ஏறக்குறைய ஐம்பது உலைகள் அங்கு எரிந்தன. நாளொன்றுக்குப் பத்துத் தொன் அளவில் விறகு தேவைப்பட்டிருக்கும் என ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். அவ்வுலைகளின் அனல், சிறு செங்கற் தூண்கள் தாங்கிய தளத்தின் கீழும், சுவர்களுள் பதித்த பொள்ளோடுகளின் ஊடாகவும் பரவி மண்டபங்களைச் சூடாக்கிற்று. தளத்தின் மேல் நடந்தவனுக்கு இதமான வெப்பம். தளத்தின் கீழ் நின்றவனுக்கோ புகையும் சாம்பலும் ஓயாத அனலும். பொறியியற் திறன் என்று நாம் போற்றும் அதே தளம், இரண்டு வகை மனிதரை இரண்டாகப் பிரித்த தளமும் ஆகும்.

உலையிற் பணிபுரிந்தோர் பெரும்பாலும் அடிமைகள். கட்டிடத்தை எழுப்பியோருள் அடிமைகளும் இருந்தனர், கூலிக்கு உழைத்தோரும் இருந்தனர். ஐந்தாறு ஆண்டுகளுள் இத்துணைப் பெரிய வேலை முடிவதற்குப் பல்லாயிரவர் ஒரே காலத்தில் உழைத்திருக்க வேண்டும். மண் அகழ்ந்தோர், சுண்ணாம்பு நீற்றியோர், செங்கல் சுட்டோர், எகிப்தின் கருங்கற் பாறைகளையும் ஆபிரிக்காவின் மஞ்சட் சலவைக்கல்லையும் வெட்டியோர், அவற்றைக் கப்பலேற்றியோர், இறக்கியோர் என அவ்வரிசை நீளும். இவர்களுள் ஒருவனது பெயரையேனும் எந்தப் பாடநூலும் எமக்குக் கற்பிக்கவில்லை. பேரரசனின் பெயரோ மண்டபங்களுக்கே சூட்டப்பட்டது. அந்தோனினியானுஸ் நீராட்டு மண்டபங்கள் என்பதே அவற்றின் அதிகாரபூர்வமான பெயர்.

இனி அந்த வள்ளலைப் பார்ப்போம். 211ஆம் ஆண்டின் இறுதியில், தன்னோடு அரசுரிமை பெற்றிருந்த தம்பி கெத்தாவைத் தாயின் அணைப்பிலேயே கொல்வித்தவன் அவன். நாடெங்கும் கல்வெட்டுகளிலிருந்து தம்பியின் பெயர் செதுக்கி அகற்றப்பட்டது. படையினரின் ஆதரவைப் பெற அவர்களது சம்பளத்தைப் பாதியளவால் உயர்த்தினான். 212ஆம் ஆண்டிலே பேரரசின் சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கினான். வரி செலுத்துவோர் தொகையைப் பெருக்குவதே அதன் நோக்கம் என அக்காலத்து வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதினார். வாரிசுரிமை வரியை அவன் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்தாக்கினான் எனவும், அடிமை விடுதலை பெறுகையிற் செலுத்தவேண்டிய வரியையும் அவ்வாறே இரட்டித்தான் எனவும் அவரே கூறுகின்றார். 215இல் இரண்டு தெனாரியஸ் பெறுமதியிட்டு அவன் வெளியிட்ட புதிய நாணயத்தில் ஏறக்குறைய ஒன்றரைத் தெனாரியசின் வெள்ளியே இருந்தது. அதே ஆண்டில் அலெக்சாந்திரியா நகர மக்களைப் படைவிட்டுக் கொன்று குவித்தான். 216இல் நீராட்டு மண்டபங்கள் திறக்கப்பட்டபோது கிழக்கே பார்த்தியரோடு போர் தொடுத்து நின்றான்; 217இல் தன் காவலரின் சதியாற் கொலையுண்டான்.

எனவே இம்மண்டபங்கள் ஒரு தர்மவானின் நன்கொடை அல்ல. இடது கையால் மக்களின் மடியிலிருந்து எடுத்ததன் ஒரு பகுதியை வலது கையால் அவர்களுக்கே வழங்கி, நன்றியையும் பெயரையும் தனதாக்கிக்கொண்ட ஆட்சியாளனின் கணக்கு அது. தம்பியின் இரத்தம் தோய்ந்த கையைக் கழுவுவதற்கு நகரம் முழுவதற்கும் குளியலறை கட்டவேண்டியிருந்தது போலும்!

ஊர் திரும்பிய பின் ஆசிரியர் அறையில் இதனை நாம் எடுத்துக் கூறியபோது, நண்பர் ஒருவர் சலிப்போடு குறுக்கிட்டார். "உங்களைப் போன்றவர்கள் கல்லிலும் வர்க்கத்தைத் தேடுகிறீர்கள். அழகை அழகாகப் பார்க்கக் கூடாதா?" என்றார். கலை கலைக்காகவே என்ற பழைய பாட்டின் இன்னொரு சரணம் இது. அவருக்கு எமது மறுமொழி எளிது. அக்குவிமாடத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. அவ்வழகுக்கு உரியவர் யார் என்றே கேட்கின்றோம். வளைவைத் தாங்கும் சாரத்தை நேராக நிறுத்தியவனது கண், சாந்தின் பதத்தை விரலால் அறிந்தவனது அனுபவம், கல்லின் நரம்பறிந்து உளி வைத்தவனது கை ஆகியவற்றை நீக்கிவிட்டால் அங்கே எஞ்சும் அழகு எது? உழைப்பைப் பற்றிப் பேசினால் அழகு குறைந்துவிடும் என அஞ்சுவோர், அழகு எங்கிருந்து வருகின்றது என்பதை அறியாதோரே ஆவர்.

எமது அணியிலேயே இன்னொரு சாரார் உளர். அடிமைகளின் கண்ணீராற் கட்டப்பட்ட இக்கற்குவியல் எமக்கெதற்கு என்று அவர்கள் ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவர். இதுவும் தவறு. உரோமாபுரியின் ஏழைகள் அடுக்குமாடிகளின் மேற்தளங்களில், குழாய் நீரின்றி, இருளும் நெரிசலுமான அறைகளில் வாழ்ந்தனர். அத்தகைய ஒருவனுக்கு, மிகச் சிறு நாணயமொன்றைக் கொடுத்தோ சில வேளைகளில் அதுவுமின்றியோ, வெந்நீரும் வெளிச்சமும் நூல்நிலையமும் கிடைத்தமை அற்ப விடயமன்று. நகரில் வாழும் ஒவ்வொருவனும் தூய்மையோடு வாழ வேண்டும், அதற்குரிய செலவு பொதுச் செலவாக வேண்டும் என்ற கருத்து மனித குலத்தின் உயர்ந்த கருத்துகளுள் ஒன்று. அதனைப் பேரரசர்களின் கணக்கில் எழுதிவிட்டு நாம் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

ஆயின் குறை எங்கே இருந்தது? போர்த்துக்கல் நாட்டில், விபாஸ்கா என்னும் பழைய உரோமச் சுரங்க ஊரிலே கிடைத்த வெண்கலப் பட்டயம் இதற்கு ஒளி தருகின்றது. பேரரசன் ஹட்ரியன் காலத்ததெனக் கொள்ளப்படும் அப்பட்டயம், அவ்வூர் நீராட்டு மண்டபத்தின் விதிகளைக் கூறுகின்றது. காலையிற் பெண்களும் பிற்பகலிலிருந்து ஆண்களும் நீராடலாம். கட்டணம் ஆணுக்கு அரை ஆஸ்; பெண்ணுக்கு ஓர் ஆஸ். படையினருக்கும் சிறுவருக்கும் கட்டணமில்லை. பேரரசனின் பணியிலிருந்த அடிமைகளுக்கும் கட்டணமில்லை. இதைக் காட்டி, அடிமையும் குளித்தானே என்று எவரேனும் எம்மை மடக்க முனையலாம். குளித்தான்; நாம் மறுக்கவில்லை. அவன் குளித்தது யாருடைய அனுமதியால் என்பதே வினா. அனுமதித்தவன் நாளை மறுத்தால் அவனுக்கு முறையிட இடமில்லை. கூலி குறைந்த பெண் இரட்டிப்புக் கட்டணம் கொடுத்தாள். ஏனென்று கேட்க அவளுக்கு இடமில்லை. கொடை என்பது இதுதான். கொடுப்பவனது கையிலிருக்கும் வரை அது பெறுபவனுக்குச் சொந்தமாவதில்லை.

இதனை உணர எமக்கு உரோமச் சட்டம் படிக்க வேண்டிய தேவையும் இல்லை. பொதுக்கிணறு எனப் பெயரிட்ட கிணற்றில் யார் வாளியிடலாம், யார் பிறர் ஊற்றும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும் என்று விதித்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். 1957இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. வழக்கமோ சட்டத்தோடு ஒரே நாளில் மாண்டுவிடவில்லை. 'பொது' என்ற சொல்லைக் கண்டவுடன் கைதட்டும் உரிமை எமக்கில்லை.

கொடையாக வந்தவை கொடையாளரோடு போகும். 537ஆம் ஆண்டில் உரோமாபுரியை முற்றுகையிட்ட கோத்தியர் நீர்க்கால்களை வெட்டினர், மண்டபங்கள் வறண்டன. பின்னர் கற்கள் கைமாறின. 1540களில் பாப்பரசர் மூன்றாம் பவுல் தமது பர்னேசே குடும்பத்துக்காக அங்கு அகழ்வித்தார். அன்று வெளிவந்த ஹெர்க்குலிஸ் சிலையும் காளைச் சிலையும் அக்குடும்பத்தின் பெயரையே சுமந்துகொண்டு இன்று நேப்பிள்ஸ் நூதனசாலையில் நிற்கின்றன. கருங்கற் தூணொன்று புளோரன்ஸ் நகரின் ஆட்சியாளனுக்குப் பாப்பரசரின் பரிசாயிற்று. பொதுமக்களின் கண்ணுக்கென வைத்தவை பிரபுக்களின் முற்றத்தை அடைந்தன.

அதற்கும் பின்னர் முசோலினி வந்தான். பழைய பேரரசின் புகழை உடுத்திக்கொண்டு புதிய பேரரசு சமைக்க அவன் கனவு கண்டான். 1932இல் திறந்து வைத்த தனது அணிவகுப்புப் பெருவீதிக்காக உரோமாபுரியின் நடுவே மக்கள் வாழ்ந்த வீடுகளை இடித்து, அங்கிருந்தோரை நகரின் புறத்தே தள்ளினான். 1935இல் எதியோப்பியா மீது படையெடுத்தான். 1937இல் இந்நீராட்டு மண்டபங்களின் இடிபாடுகளில் இசைநாடக மேடை அமைக்கப்பட்டது. அடிமைகள் சூடாக்கிய வெந்நீர் மண்டபமே பாசிச ஆட்சியின் கோடைகால அரங்காயிற்று. இசையின் மீது எமக்குப் பகையில்லை. 1960இல் ஒலிம்பிக் உடற்பயிற்சிப் போட்டிகள் இங்கு நடைபெற்றன. 1990இல் புகழ்பெற்ற மூன்று பாடகர் இங்கு பாடியதை உலகெங்கும் மக்கள் கேட்டனர். பாசிசம் வீழ்ந்த பின்னர் பாடல் மீண்டது நன்றே. எனினும் இடிபாடு எவனது கையில் அகப்படுகின்றதோ அவனது கதையையே அது சொல்லும் என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது.

2024இல் பழைய நீச்சற்குளத்தின் நினைவாக அவ்விடத்தில் நீர்ப்பரப்பு ஒன்று அமைக்கப்பட்டது. நீர் மீண்டது என்று பத்திரிகைகள் எழுதின. நாமும் அதனருகே நின்றோம். சுவர்களின் நிழல் அதில் அழகாக விழுந்தது. அதன் ஆழம் பத்துச் சென்ரிமீற்றர் அளவே. அது பார்ப்பதற்குரிய நீர், குளிப்பதற்குரியதன்று. தம்பி அதைப் பார்த்து, "இது கால் கழுவவும் காணாது" என்று சிரித்தார்.

ஆயினும் அதே இத்தாலியில் வேறொரு நீரின் வரலாறும் உண்டு. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12, 13ஆந் திகதிகளில், நீர் விநியோகத்தைத் தனியார் இலாபத்துக்குத் திறந்துவிடும் சட்டங்களைப் பற்றி மக்கள் தீர்ப்புக் கோரப்பட்டது. வாக்காளருள் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். வாக்களித்தோருள் நூற்றுக்கு 95 வீதமளவினர் அச்சட்டங்களை நீக்குமாறு கூறினர். எந்தப் பேரரசனும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. துண்டுப்பிரசுரம் விநியோகித்தோரும், கையெழுத்துச் சேகரித்தோரும், வீடுவீடாகச் சென்றோரும் சேர்ந்து பெற்ற தீர்ப்பு அது. அத்தீர்ப்பைக் காப்பதற்கும் அவர்கள் தொடர்ந்து போராட வேண்டியிருந்தது. உரிமையின் இயல்பு அதுவே. கரகல்லாவின் பெயர் பொறித்த மண்டபங்களை விட இந்த வாக்குச்சீட்டுகளே நீராட்டின் வரலாற்றில் உயர்ந்த நினைவுச் சின்னம் என்பது எமது கருத்து.

ஹட்ரியனைப் பற்றிப் பழைய நூலொன்று கூறும் கதையொன்று உண்டு. பொது நீராட்டு மண்டபத்திலே முதிய போர்வீரன் ஒருவன் தன் முதுகைச் சுவரில் உராய்ந்துகொண்டிருக்கக் கண்டான் பேரரசன். காரணம் கேட்டபோது, முதுகு தேய்க்கத் தனக்கு அடிமை இல்லை என்றான் வீரன். பேரரசன் மனமிரங்கி அவனுக்கு அடிமைகளையும் அவர்களைப் பராமரிக்கப் பணமும் கொடுத்தான். வேறொரு நாள் வந்து பார்த்தால், கிழவர் பலர் சுவரில் முதுகை உராய்ந்து நின்றனர்! பேரரசன் அவர்களைக் கூப்பிட்டு, ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொள்ளுமாறு சொல்லிவிட்டான்.

இக்கதையைச் சொல்வோர் பேரரசனின் சாதுரியத்தை மெச்சிச் சிரிப்பர். நாம் சிரிக்குமுன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒருவனது முதுகின் அரிப்பைத் தீர்க்க மற்றொரு மனிதனையே பரிசாகக் கொடுத்ததை அக்கதை சாதாரண நிகழ்ச்சியாகக் கூறிச் செல்கின்றது. அப்பரிசாகிய மனிதனின் முதுகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனினும் கிழவர்களை ஏமாற்றி அனுப்புவதற்காகச் சொல்லப்பட்ட அக்கட்டளையில், சொன்னவன் அறியாத ஓர் உண்மை தங்கிவிட்டது. ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொள்ளும் சமுதாயத்தில் அடிமைக்கு வேலையில்லை, வள்ளலுக்கும் வேலையில்லை.

மாலையில் தம்பி எம்மைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் தமது வேலைக்குப் புறப்பட்டார். ஓய்வுநாளாயினும் இரவில் முதியவருக்கருகே ஒருவர் இருந்தாக வேண்டும். தள்ளாத முதியவரைப் பரிவோடு குளிப்பாட்டுதல் மேலான தொழில். அதற்குரிய கூலியும் ஓய்வும் மதிப்பும் சட்டப் பாதுகாப்பும் அத்தொழிலாளிக்குக் கிடைக்கின்றனவா என்பதே ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்கும் கோல். குவிமாடங்களின் விட்டத்தால் அதனை அளக்க முடியாது.

தமிழ் இலக்கணம் தன்வினையையும் பிறவினையையும் பிரித்து வைத்திருக்கின்றது. செய்தவன் வேறு, செய்வித்தவன் வேறு. கோயில் எடுப்பித்த அரசர்களைப் பற்றிக் கூறும் எமது கல்வெட்டுகளும் இவ்வேறுபாட்டை மறக்கவில்லை. பாடநூல் எழுதுவோர் மறந்தனர். கற்பிக்கும் நாமும் மறந்தோம். ஆகவே நண்பர்களே, அடுத்த தவணையில் கரும்பலகையிலுள்ள அந்தப் பழைய வாக்கியத்தை அழிப்போம். "கி.பி. 216இல் திறக்கப்பட்ட நீராட்டு மண்டபங்களைப் பல்லாயிரம் உழைப்பாளர் கட்டினர், அடிமைகள் அவற்றின் உலைகளுக்கு நெருப்பிட்டனர், பேரரசன் தனது பெயரை இட்டான்" என்று எழுதுவோம். எழுதிவிட்டு, நெருப்பிட்டவன் எங்கே நீராடினான் என்று மாணவரைக் கேட்போம். அவ்வினாவை ஒரு வகுப்பு மாணவர் கேட்கப் பழகிவிட்டால், அவர்கள் அதனை உரோமாபுரியோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள்.